ஈரக்கறை

குருநகர்
12.01.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

ஆண்டவரின் தயவில் அம்மாவும் நானும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? மலைநாட்டுக் குளிரில் விடியற்காலையில் நீங்கள் முழந்தாளில் நிற்பதை நினைத்தால் இங்கே இருக்கிற எனக்கே கால் விறைக்கிறது. பாலன் பிறப்புக்கு நீங்கள் எழுதிய நத்தார் வாழ்த்து வந்தது. உங்கள் கன்னியர் மடத்தில் ஆளுக்கொரு தொலைபேசி தந்தால் என்ன என்று மடத்துத் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். தபால் கந்தோரில் முத்திரை வாங்குகிற ஒரே குமர்ப்பிள்ளை நான்தான். அங்கிருக்கிறவர் என்னைக் கண்டதும், “ஆர் பிள்ளை, காதலனுக்கோ?” என்று கேட்கிறார். “ஓம், அவர் மடத்திலை இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரு புது வேலை கிடைத்திருக்கிறது. கலியாணவீடும் சாமத்தியவீடும் படமெடுத்துக் கை அலுத்துப்போன நேரத்தில் வந்தது. உடுவிலைச் சேர்ந்த கீர்த்திகன் என்பவர் இடிக்கப் போகிற பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்கிறார். படமெடுக்க என்னைக் கூப்பிட்டார். இப்போது எடுப்பது அளவெட்டிக்கு அப்பால், இராணுவம் அண்மையில் விட்டுப்போன காணிக்குள் நிற்கும் ஒரு பழைய மனநோய் விடுதி. தொண்ணூறில் சனம் இடம்பெயர்ந்த பிறகு அங்கே நோயாளி ஒருவரும் இருக்கவில்லையாம். அம்மாவிடம் “பழைய ஆஸ்பத்திரி” என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

முதல்நாள் பொறுமையில்லாமல் தனியே போய்விட்டேன். ஓட்டோக்காரர் ஒரு ஒழுங்கையில் இறக்கிவிட, மதில் விழுந்த இடத்தால் உள்ளே புகுந்தேன். கூரையைத் துளைத்துக்கொண்டு ஆலமரம் வளர்ந்திருக்கிறது. இரும்புக் கட்டில்கள் நிலத்தோடு பூட்டியபடி நிற்கின்றன. கதவுகளில் கண் மட்டத்தில் ஒரு ஓட்டை, வெளியே நின்று பார்ப்பதற்கு. எனக்குப் பயமே வரவில்லை. யன்னலால் விழுந்த வெயிலில் தூசி மிதந்ததைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு சுவரில் யாரோ கரியால் வள்ளம் கீறியிருக்கிறார்கள். அதற்குள் ஆட்கள். ஆமியின் எழுத்து இல்லை, அதற்கு முந்தியது. வயல்காட்டு நடுவில் வள்ளத்தைக் கண்டதும் எங்கள் ஆள் ஒருவரைக் கண்டதுபோல இருந்தது. பிரதி ஒன்று இதனுள் வைத்திருக்கிறேன். பார்த்து எழுதுங்கள்.

அம்மாவும் சுகம் கேட்டா.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும்
ஜெசிதா

---

மடத்திலிருந்து
27.01.2025

சேசுவில் பிரியமான மகள் ஜெசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. ஒரு சகோதரி எண்ணெய் பூசி விடுகிறார். இங்கே மழை விட்டபாடில்லை. கரட் பாத்தி முழுக்க அழுகிவிட்டது.

உனக்கு வேலை கிடைத்தது சந்தோசம். ஆனால் தனியே போகாதே. பழைய கட்டடம் எந்த நேரமும் தலையில் விழும். பாம்பும் இருக்கும். கிணற்றடிப் பக்கம் போகாதே, அதன் கட்டு பதிவு, உயரமே இல்லை, எட்டிப் பார்க்கிறவர்களை அது தாங்காது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா கண்ணை மூடின பிறகு நீ மெலிந்ததை முந்தி அனுப்பிய படத்தில் கண்டேன்.

என் அக்கா எப்படி இருக்கிறா? அவ ஒரு வரியாவது தன் கையால் எழுதினால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உனக்காக நாளும் மன்றாடும்
சின்னம்மா

---

குருநகர்
09.02.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகம் என்று எழுதவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அம்மா சுகம். கரட் அழுகினதை எழுதினீர்கள், என் படத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அது உறைக்குள் இருந்ததா?

இங்கே ஒரு குழப்பம். அந்தப் படத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறா. “எந்த இடம் இது?” என்று கேட்டா. சொன்னேன். முகம் மாறிவிட்டது. “வள்ளம் வடிவாய் இருக்கெல்லே?” என்று கேட்டேன்.

“எங்கை வள்ளம்? உது வெறும் ஈரக்கறை. மழை ஊறின சுவர். கண்டதையும் படமெடுத்து, இல்லாததைப் பார்த்துக்கொண்டு திரியிறாய்.”

நான் விரலால் ஒவ்வொரு கோடாய்க் காட்டினேன். ஈரம், ஈரம், ஈரம் என்றுதான் சொன்னா.

போன கிழமை கீர்த்திகனோடு முறைப்படி பெரிய கேற்றால் போனேன். மெசின் வைத்து முன் முற்றத்தைத் துப்புரவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். அதே கட்டில்கள், அதே கதவு ஓட்டை, அதே யன்னல். சின்னம்மா, அந்தச் சுவர் அங்கே இல்லை. அது இருந்த அறை என்று நான் நினைத்த அறையில் சுவர் வெறும் வெள்ளை. கறைகூட இல்லை.

கீர்த்திகன் என் படத்தை வாங்கிப் பார்த்தார். “நிலம் சிவப்புச் சீமெந்தாய் இருக்கு. இங்கை எல்லா அறையும் கறுப்பு. வேறை எங்கையோ எடுத்ததாய் இருக்கும், ஜெசிதா” என்றார். அந்தக் கிழமை வேறு இரண்டு பழைய கட்டடங்களும் எடுத்தது உண்மைதான். என் பழைய கமராவில் திகதி எப்போதும் பிழை. பின்னால் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். “பத்தைக் காடும் இடிஞ்ச சாமான் அறையும்தான், அளக்க ஒண்டுமில்லை எண்டு காணியைக் காட்டினவை சொன்னவை” என்றார்.

இன்னொன்று. நீங்கள் கிணற்றடி என்று எழுதினீர்கள். நான் கிணறு பற்றி எழுதவேயில்லை. அங்கே கிணறும் இல்லை. எனக்குத்தான் ஏதோ என்றால் உங்களுக்கும் அப்படியா?

படத்தை இன்னொருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெசிதா

---

மடத்திலிருந்து
20.02.2025

சேசுவில் பிரியமான மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். படம் உறைக்குள் இருந்தது. எனக்குக் கண்ணில் புரை. ஒன்றையும் திடமாய்ச் சொல்ல முடியாது. சுவர்களில் எத்தனையோ இருக்கும். பழைய வளவு என்றால் கிணறும் இருக்கும் என்று நினைத்து எழுதினேன்.

அம்மா சொல்வதைக் கேள். அவவை அந்த இடத்தைப் பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

தபசுகாலம் வருகிறது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுவரை நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாசிப்பதுமில்லை. பெருநாள் முடிய எழுதுகிறேன். நித்திரையைக் கெடுக்காதே.

சின்னம்மா

---

குருநகர்
01.03.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இது விபூதிப் புதனுக்கு முதல் வந்துசேர வேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கண்ணைக் காட்டினீர்களா?

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு நடந்ததை அம்மா உங்களுக்கு எழுத விடவில்லை. அப்பா செத்துச் சில கிழமையில் விடியப்புறத்தில் அவருடைய வள்ளத்து இஞ்சின் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. வள்ளத்தை அதற்கு முதலே விற்றாயிற்று. பிறகு ஒருநாள் கரையில் அவர் இருந்து வலையிலிருந்து மீன் கழற்றுவதைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிளினிக்குக்குப் போய்க் குளிசை குடித்துச் சுகமானேன். குளிசை குடிக்க எனக்கு வெட்கமில்லை. காய்ச்சலுக்கும் குடிக்கிறோம்தானே. அம்மாவுக்குத்தான் வெட்கம். ஆருக்கும் தெரியாமல் ஓட்டோவில் மற்ற வீதியால் கூட்டிப்போவா. “எங்கடை குடும்பத்திலை உப்பிடி ஒருத்தருக்கும் இருந்ததில்லை” என்று ஒவ்வொருமுறையும் சொல்லுவா.

இப்போது மீண்டும் கூட்டிப்போனா. “சுவரிலை இல்லாத படமெல்லாம் காணுறாள்” என்று டொக்டரிடம் சொன்னா. டொக்டர், “அந்தப் படத்தைக் கொண்டு வந்தனீங்களா?” என்று கேட்டார். நான் பையைத் திறந்தால் பிரதி இல்லை. எங்கே போனது என்று அம்மாவுக்கும் தெரியாதாம். குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார். கமராவில் இருப்பதைத் திறந்து பார்க்க இப்போது எனக்குப் பயம். முதலில் வள்ளமாய்த் தெரிகிறது. கனநேரம் பார்த்தால் கறையாகிறது. பிறகு இரண்டுமில்லை.

பாசையூரில் ஜெனிஸ் என்று ஒருவர், ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். அவருக்கு என்னைக் கலியாணம் பேசுகிறார்கள். நல்ல மனிசன், சிரித்தால் காது அசையும். அவருக்கு என்ன சொல்வது, சின்னம்மா? என் கண்ணை நானே நம்பாதபோது அவரை எப்படி நம்பச் சொல்வது?

ஒரு சொல் போதும். அது வள்ளமா, ஈரமா? வேறொருவரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஜெசிதா

---

மடத்திலிருந்து
15.03.2025

அன்பு மகள் ஜெசிதாவுக்குச் சமாதானம்.

உங்கள் கடிதம் விபூதிப் புதனுக்கு மறுநாள் வந்தது. தபசுகாலத்தில் வருகிற கடிதங்கள் என் மேசை லாச்சியில் வைக்கப்பட்டு, உயிர்த்த பெருநாளுக்கு அடுத்தநாள் உரியவருக்குக் கொடுக்கப்படும். எல்லாக் கடிதத்தையும் நான் வாசிப்பது ஒழுங்கு. இதையும் வாசித்தேன். உங்கள் சின்னம்மா இன்னும் வாசிக்கவில்லை. அவர் சுகமாக இருக்கிறார். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களை என் செபத்தில் வைத்திருக்கிறேன்.

மடத்துத் தாயார்

---

குருநகர்
23.03.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். தாயார் வாசிப்பார். தாயாருக்கும் வணக்கம்.

அம்மா எனக்காக நேர்த்தி வைத்துக் கச்சதீவு அந்தோனியார் பெருநாளுக்குக் கூட்டிப்போனா. வள்ளத்தில் ஏறும்போது ஒரு சண்டை. ஓட்டி, அம்மாவை அணியத்தில் இருக்கச் சொன்னார். “நான் முன்னுக்கு இருக்கிறேல்லை. எப்பவும் கடையாலிலைதான்” என்று அம்மா பின்பக்கம் போய் இருந்துவிட்டா. தீவு தெரிகிறவரைக்கும் அழுதுகொண்டே வந்தா. ஏன் என்று கேட்டேன். கடற்காற்றாம்.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். அவரிடம் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. சுவரைக் கேட்பதா, மூளையைக் கேட்பதா?

திரும்பி வந்து கமராவைக் கீர்த்திகனிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தைப் பதிவில் சேர்க்கவேண்டாம், அது கறைதான் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதும் அம்மா எனக்குப் பாலப்பம் சுட்டுத் தந்தா. கன நாளுக்குப் பிறகு நெற்றியில் கொஞ்சினா. ஜெனிஸ் வீட்டாருக்கு என் குளிசையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நாள் குறிக்கப் போகிறாவாம். நானும் சரி என்றேன்.

இப்போது கோயில் சுவரில் தெரிகிற நிழலைக்கூட அம்மாவிடம் கேட்டுத்தான் நம்புகிறேன். இப்படி இருப்பது சுகமாய் இல்லை, சின்னம்மா.

சித்திரைக் கடைசியில் அந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள்.

ஜெசிதா

---

மடத்திலிருந்து
01.04.2025

என் மகள் ஜெசிக்கு,

அது வள்ளம். ஈரமில்லை. நான்தான் கீறினேன்.

தாயாருடையது தவிர, தபசுகாலத்தில் இந்த மடத்திலிருந்து போகிற முதல் கடிதம் இதுவாக இருக்கும். நேற்று நான் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது தாயார் வந்து உன் இரண்டு கடிதங்களையும் என் கையில் தந்தார். வாசித்து முடியும்வரை பக்கத்தில் நின்றார். “இந்தப் பிள்ளைக்குப் பதில் உங்களிட்டை இருக்கோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். எப்படி என்று கேட்டார். அவர் என்னிலும் வயதில் குறைந்தவர். நான் வந்த காலத்தில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். இங்கே ஒருவருக்கும் தெரியாததை அவருக்குச் சொன்னேன். என்னை வேறு கண்ணால் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “முத்திரை வைச்சிருக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

என் தம்பியும் அப்பாவும் கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடம் எனக்கு இந்த நோய் வந்தது. உனக்கு வந்தது போலத்தான். எனக்குக் கேட்டது இஞ்சின் சத்தமில்லை, அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அந்த விடுதியில் இருந்தேன். யார் கொண்டுபோய் விட்டார்கள், யார் பார்க்க வந்தார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அங்கே வந்து போன ஒரு சகோதரியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தொண்ணூறில் வெளியேறினேன். பிறகு மடம். தேவ அழைத்தல் என்று ஊரில் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.

இனி கவனமாய்க் கேள். அங்கே ஒரே அச்சில் இரண்டு கட்டுகள். முன்னுக்கு ஆண்களுடையது, கறுப்பு நிலம். பின்னுக்குப் பெண்களுடையது, சிவப்பு நிலம். நடுவில் கிணறு. முதல்நாள் ஓட்டோக்காரர் உன்னைப் பனங்காணி ஒழுங்கையில் இறக்கியிருக்கிறார். நீ புகுந்தது பெண்கள் கட்டு. கீர்த்திகனோடு நீ பார்த்தது ஆண்கள் கட்டு. பத்தையை வெட்டிக்கொண்டு கிணறுவரை போ. கிணற்றைத் தாண்டினால் கடைசி அறை என்னுடையது.

உன் படத்தில் நாலுபேர் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, தம்பி, கடையாலில் நான். கச்சதீவுப் பெருநாளுக்குப் போன வள்ளம் அது. நான் கீறினது ஐந்துபேர். உன் படத்தில் வராத இடது பக்கம், யன்னலுக்குக் கீழே அணியம் இருக்கிறது. அதில் இரட்டைப் பின்னலோடு ஒருத்தி, மடியில் சோறு சமைக்கிற கிடாரம். போய்ப் பார். அவள் அங்கே இருந்தால் உன் கண்ணில் பிழையில்லை.

போன மாதமே இதை எழுதியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன், மகளே. குளிசையை மட்டும் விடாதே. டொக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அந்த ஐஸ் தொழிற்சாலைப் பிள்ளைக்கும் காட்டலாம். எனக்கு மறுப்பில்லை.

உன் சின்னம்மா மார்கிரட்

---

குருநகர்
14.04.2025

என் அன்புச் சின்னம்மாவுக்கு,

நல்ல சுகம். இந்தமுறை உண்மையாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முன்னால் சத்தமாய் வாசித்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைக்கவுமில்லை, வெட்டவுமில்லை. முடிந்ததும், “நாளைக்குப் போவம்” என்று மட்டும் சொன்னா.

கீர்த்திகன் வெட்டுக்கத்தியோடு வந்து பத்தையை வெட்டினார். கிணறு இருந்தது. நீங்கள் சொன்னபடி கட்டு பதிவு, வாய் முழுக்க எருக்கலை. அதற்கு அப்பால் ஒரு முழுக் கட்டடம் நிற்கிறது. கீர்த்திகன் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டார். பிறகு என்னிடம் இரண்டுமுறை மன்னிப்புக் கேட்டார். கமராவையும் திருப்பித் தந்தார்.

கடைசி அறை. சிவப்பு நிலம். சுவர். யன்னலுக்குக் கீழே பாசியைத் துணியால் மெல்லத் துடைத்தேன். அணியம் வந்தது. இரட்டைப் பின்னல் வந்தது. கிடாரம் வந்தது. நான் அழவில்லை. பசி வந்தது. கன நாளாய்ப் பசியே இல்லாமல் இருந்தேன்.

அம்மா கதவடியில் நின்றா. அந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தா. உள்ளே வரமாட்டா என்று நினைத்தேன். வந்தா. சுவருக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து, முகத்தைக் கிட்டவைத்துப் பார்த்தா.

“உது நான்” என்றா.

பிறகு கரிக்கோட்டை விரலால் தடவிக்கொண்டு என்னிடம், “ஓம் பிள்ளை, வள்ளம்தான். முதல்நாளே தெரியும்” என்றா. எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அவ குந்தியிருந்த இருப்பைப் பார்த்து அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டொக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். குளிசையைப் பழைய அளவுக்கு இறக்கினார். ஜெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். எது சொன்னாலும் தாங்குவேன்.

அம்மா உங்களுக்குத் தானே எழுதப் போகிறாவாம். பேனை கேட்டு வாங்கி வைத்திருக்கிறா. நாலு நாளாய் எழுதவில்லை.

உங்கள் ஜெசி

---

குருநகர்
22.04.2025

அன்பு மார்கிரட்டுக்கு,

நான் சுகம். உனக்கும் மடத்தாருக்கும் உயிர்த்த பெருநாள் வாழ்த்து. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் அனுப்புகிறேன்.

ஜெசி எழுதியிருப்பாள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தச் சுவரில் நீ என்னை அணியத்தில் தனியே கொண்டுபோய் வைத்திருக்கிறாய். நான் அன்று அங்கே இருக்கவில்லை. கடையாலில் உனக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ கடலாட்டம் தாங்காமல் வழிமுழுக்கச் சத்தி எடுத்தாய். உன் தலை என் மடியில் இருந்தது. கிடாரம் அம்மாவிடம் இருந்தது. நீ மறந்து கீறினாயோ, கோபத்தில் கீறினாயோ தெரியாது. நான் உன்னை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க வராததுக்கு அந்த இடம் எனக்குச் சரிதான்.

நாளைக்கு இடிக்கிறார்கள். நேற்று நான் அடுப்புக் கரிக்கட்டி ஒன்றோடு பஸ் ஏறிப் போனேன். கடையாலில் உனக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என்னைக் கீறினேன். எனக்குக் கீறத் தெரியாது. ஜெசி படமெடுத்தாள். இதற்குள் வைத்திருக்கிறேன். பார்க்க வெறும் ஈரக்கறை மாதிரித்தான் இருக்கிறது.

அது நான்.

உன் அக்கா
கிறிஸ்ரினா